வீடில்லாதவர் கணக்கில் நீங்கள்

மார்ச் 2, சனி

நம் பெண்ணின் அப்பாவுக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அதனால் உங்கள் முதலாளி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நகராட்சியில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. வருகிற வெள்ளி விடியற்காலையில் நம் வார்டில் வீடில்லாமல் தூங்குகிறவர்களை எண்ண வேண்டும். வீடு ஏன் போனது என்றும் எழுத வேண்டும். நேற்று ஒத்திகைக்குப் போனோம். பஸ் நிலையத்தில் படுக்கிற சமையற்காரம்மா வாடகை ஏறியது, இடுப்பு விட்டுப்போனது, மகன் கைவிட்டது என்று மூன்று காரணம் சொன்னார். தாளில் ஒன்றுக்குத்தான் இடம். "எதை வேணா போட்டுக்கம்மா, மூணும் என்னுதுதான்" என்றார்.

வேலை செய்யும் இடத்தில் படுப்பவர்களும் கணக்கில் சேர்த்தியாம். அப்படியானால் புது அச்சாபீஸில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே தூங்கும் நீங்களும்தான். என்ன காரணம் போடட்டும்?

உங்கள் மனைவி

மார்ச் 4, திங்கள்

வீட்டுக்காரிக்கு,

வேலை கிடைத்ததில் சந்தோஷம். அதற்காக என்னையா எண்ணுவாய்? மானம் போய்விடும். எழுதியே தீருவேன் என்றால், 'மனைவி போகச் சொன்னாள்' என்று போட்டுக்கொள்.

உன் மெஷின்காரன்

மார்ச் 5, செவ்வாய்

மெஷின்காரருக்கு,

போகச் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. கடைக்குப் போங்கள் என்றால் பத்துத் தடவை சொல்ல வேண்டும். இதற்கு மட்டும் ஒரே தடவையில் கிளம்பிவிட்டீர்கள்.

வேலை போனதற்கா கோபப்பட்டேன்? பழைய அச்சாபீஸை மூடிய பிறகும் மாதக்கணக்கில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்களே, அதற்குத்தான். என்னிடம் சொல்லக்கூடாதா? இன்னும் வலிக்கிறது.

பொய்க் கணக்கு எழுத மாட்டேன். வெள்ளி விடியும்போது எங்கே தூங்குகிறீர்களோ அதுதான் கணக்கு. வேண்டாமென்றால் அதற்குள் ஏதாவது ஒரு வீட்டில் படுத்திருங்கள். பாதிக் கட்டில் காலியாக இருக்கும் வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி

மார்ச் 6, புதன்

அன்புள்ளவளுக்கு,

சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். அந்த அம்மாவுக்கு மூன்று காரணம். எனக்கு இந்த ஒன்றுதான். வேண்டுமானால் இதையே எழுது.

உன்னுடையவன்

மார்ச் 8, வெள்ளி, விடியற்காலை

தூங்குகிறவருக்கு,

எழுப்ப மனம் வரவில்லை. குறட்டை மட்டும் பழையபடியே இருக்கிறது. நான் எண்ணக் கிளம்புகிறேன். சமையற்காரம்மாவின் மூன்று காரணத்தையும் தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதப் போகிறேன். மேலதிகாரி திட்டினால் திட்டட்டும்.

வர எட்டு மணி ஆகும். எங்கேயும் போய்விடாதீர்கள்.