மாட்டுக் கொட்டிலில் எடுத்த வருகை

ஐயா,

இன்று காலை டோபி காட் வழியாக நடந்து வந்தேன். சலவைக்காரர்கள் கஞ்சி போட்ட துணிகளைப் புல்லில் விரித்திருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் வெள்ளைக் கோட்டு ஞாபகம் வந்தது. நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. இதற்குமுன் உங்களுக்கு நான் எழுதிய கடிதமெல்லாம் சாக்கட்டி கேட்டோ, கூரை ஒழுகுகிறதென்று முறையிட்டோதான்.

பதினெட்டு ஆண்டுகள் இந்த ஊர்த் தமிழ்ப் பள்ளிகளுக்கு நீங்கள் மேற்பார்வையாளர். இரங்கல் கூட்டத்தில் உங்களைக் கருணைக்கடல் என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்த காப்பியில் ஒரு குறை சொல்லாமல் நீங்கள் குடித்ததில்லை.

நான் சொல்ல வந்தது, சிராங்கூன் சாலையில் என் பள்ளி தொடங்கிய இரண்டாம் ஆண்டு நடந்தது. காலை எட்டு மணிக்குப் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடக்கும். அதை நீங்கள் பார்த்தால் பள்ளியை மூடச் சொல்லி எழுதிவிடுவீர்கள் என்று எனக்குப் பயம். வாத்தியார்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் வரும் நாளில் ஒரு பள்ளிப் பிள்ளைகளை இன்னொரு பள்ளிக்கு இரவல் கொடுப்போம். நீங்கள் என் பள்ளிக்கு வந்த அன்று தஞ்சோங் பகார் பள்ளி வாத்தியார் ஆறு பையன்களை டிராமில் ஏற்றி அனுப்பினார். முந்தின நாள்தான் நீங்கள் அங்கே போயிருந்தீர்கள். இத்தனை முகத்தில் எதை நினைவு வைத்திருக்கப் போகிறார் என்று இருந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் முன்வரிசைப் பையனைப் பார்த்தீர்கள். "நேத்து நாலாம் பாடம் நல்லா வாசிச்சே தம்பி. இன்னிக்கு அஞ்சாம் பாடம் வாசி."

அவன் எழுந்து பிழையில்லாமல் வாசித்தான்.

"உங்க பிள்ளைங்க எங்கே வாத்தியாரே?"

"மாட்டுக் கொட்டில்ல ஐயா. பால் கறந்து, வீடு வீடா ஊத்திட்டு வரப் பத்து மணி ஆயிடும்."

"அதை எழுதி அனுப்பறதுக்கு என்ன?"

"எழுதினா மூடிருவீங்கன்னு பயம்."

நீங்கள் எழுந்தீர்கள். "வருகைப் பதிவேட்டை எடுத்துக்கிட்டு வாங்க."

கொட்டிலில் கணுக்கால்வரை சாணி. அந்தக் கோட்டோடு நடுவில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தீர்கள். மாடுகளுக்குப் பின்னாலிருந்து "இருக்கேன் ஐயா" என்று குரல் வந்தது. கறந்துகொண்டிருந்த ஒருவன் பதறி எழப் பார்த்தான். "எந்திரிக்காதேப்பா, பால் கொட்டிரும்" என்றீர்கள். பால் ஊற்றப் போனவர்கள் காலிச் செம்போடு திரும்பும்வரை காத்திருந்து அவர்கள் பெயரையும் வாசித்தீர்கள்.

பிறகு பார்வையாளர் புத்தகத்தில், "இப்பள்ளி பத்தரை மணிக்குத் தொடங்கலாம். முன்பு நேரம் வகுத்தவன் நான். பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். என்னிடம், "இனிமே யார் பிள்ளையையும் இரவல் வாங்காதீங்க" என்றதோடு சரி.

அதன்பின் ஒருமுறைகூட நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் இன்றாவது மன்னிப்புக் கேட்போம் என்று நினைப்பேன். வெட்கம் விடவில்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள் ஐயா.

உங்கள் இடத்துக்கு வந்தவர் போன வாரம் உத்தரவு அனுப்பினார். எல்லாப் பள்ளிகளும் எட்டு மணிக்கே தொடங்க வேண்டுமாம். பெஞ்சு காலியாக இருந்தால் மூடிவிடுவாராம். நாளைக்கு என் பள்ளிக்கு வருகிறார். தஞ்சோங் பகார் வாத்தியார் பழைய சிநேகத்தில் ஓடிவந்தார். "பத்துப் பேரை அனுப்பறேன். காரியம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்." வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாளைக் காலை பள்ளிக் கதவு பூட்டியிருக்கும். அதில் ஒட்ட ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: "மாட்டுக் கொட்டிலில் வருகை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து அங்கே வரவும்."

வருவாரோ, பள்ளியை மூடுவாரோ, தெரியாது. அன்றைக்கு உங்களுக்குப் பயந்தேன். இவருக்குப் பயப்பட என்னால் முடியவில்லை.