சத்தத்துக்கு அமுக்காதீங்க

ஜனவரி 9

இன்று இருபத்து மூன்று பேர். நாக்கு தள்ளிவிட்டது.

என் சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது, விளக்கையும் அணைத்துவிட வேண்டும். வருகிறவர்கள் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காமல் விட்ட இடம் தாளில் கறுப்பாக வரும். கண் அழுத்த நோய் பார்வையை ஓரத்திலிருந்து தின்னும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். சொல்ல ஒரு நிமிடம். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லும்போது உயிர் போகிறது.

கடைசியாக ஒரு தச்சர். எழுபது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் வார்னிஷ். வெளிச்சம் தெரிகிறதோ இல்லையோ, இயந்திரம் ‘டக்’ என்றால் இவரும் ஒரு ‘டக்’.

“ஐயா, சத்தத்துக்கு அமுக்காதீங்க. வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க.”

“சத்தம் வந்தா வெளிச்சம் வந்திடுச்சுன்னுதானேம்மா அர்த்தம்?”

“வந்தது மெஷினுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னுதான் கேக்குது.”

மூன்று தடவை உட்கார வைத்தேன். மூன்றாவது தடவை குரலை உயர்த்திவிட்டேன் என்று நினைக்கிறேன். கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது சுவரில் ஒட்டியிருக்கும் மாதிரித் தாளைப் பார்த்து, “இது யாரு கண்ணும்மா, இவ்வளவு சுத்தமா இருக்கு?” என்று கேட்டார்.

“என்னோடதுதான்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அது என்னுடையதுதான். பதினோரு வருடமாகத் தினமும் முதல் ஆள் வருவதற்கு முன், இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நானே உட்கார்ந்து வலது கண்ணுக்கு ஒரு சின்னச் சோதனை செய்துகொள்கிறேன். இரண்டு நிமிடம். அப்படி வந்த தாள்களில் ஒன்றைத்தான், நல்ல கண் எப்படி இருக்கும் என்று காட்ட ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஜனவரி 12

மருத்துவமனை வாசல் படியில் மறுபடியும் கால் தவறியது. இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. முட்டியில் சிராய்ப்பு.

ஜனவரி 20

காலையில் தரையில் வைத்திருந்த வாளியை உதைத்து வீடெல்லாம் தண்ணீர்.

“தரையப் பாத்து நடக்க மாட்டியா?” என்றார் என் வீட்டுக்காரர். “எங்க லிஃப்ட்டுக்கே உன்னவிட நிதானம் ஜாஸ்தி.” லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதருக்கு உலகத்தில் எல்லாமே லிஃப்ட்.

நான் என்ன வேண்டுமென்றா உதைத்தேன்? அசதி. பன்னிரண்டு மணிக்கே கால் கெஞ்சுகிறது. நாற்பத்தாறு வயது என்றால் இப்படித்தான் இருக்கும் போல.

இன்று ஊழியர்களுக்கு வருடாந்தரப் பரிசோதனை. கண் அழுத்தம் பதினைந்து, பதினைந்து. பார்வைப் புலத்துக்கு, அதாவது இந்தக் கிண்ணச் சோதனைக்கு, புதிதாக எதற்கு என்று இன்றைய காலைத் தாளையே இணைத்துவிட்டேன். ஒரு வேலை மிச்சம்.

ஜனவரி 27

புது இயந்திரம் வரப்போகிறதாம். பழையது சாமான் அறைக்குப் போகும். என்னோடு வேலை பார்க்கிற ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. (வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டாள்.) “அக்கா, புதுசுல சத்தமே வராதாம்!”

எனக்குப் பழையதே போதும். அதன் மூச்சு எனக்கு அத்துப்படி. ஆளைச் சோதிக்க வெளிச்சமே காட்டாமல் வெறும் சத்தம் மட்டும் கொடுக்கும், அந்த ‘டக்’ கொஞ்சம் மொட்டையாக இருக்கும். வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 3

புது இயந்திரம் முதல் நாளே மானத்தை வாங்கிவிட்டது. காலையில் வழக்கம்போல உட்கார்ந்தேன். ஒன்றுமே வரவில்லை. காத்திருந்தேன், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது, மறுபடி நின்றுவிட்டது. தாளில் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புக் கட்டம்.

கீழ்ப்பக்க விளக்குகள் எரியவில்லை என்று புகார் எழுதினேன். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதற்கு இதுதான் லட்சணம்.

பிப்ரவரி 4

இன்றும் அதே. இடது கண்ணையும் வைத்துப் பார்த்தேன், அதில் கறுப்பு கொஞ்சம் குறைவு. கம்பெனி மெக்கானிக்கை வரச்சொல்லிக் காட்டமாகவே பேசினேன். இந்த இரண்டு நாளும் வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

பிப்ரவரி 7

மெக்கானிக் வந்தார். கிண்ணத்தைப் பிரித்துத் துடைத்து ஒவ்வொரு விளக்காகப் பார்த்து மாட்டினார். பிறகு தானே உட்கார்ந்தார். தாள் சுத்தம். ரேடியோ உட்கார்ந்தாள். சுத்தம்.

“இப்ப நீங்க உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். கறுப்பு.

ரேடியோவே பேசவில்லை. மெக்கானிக் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “மெஷின் நல்லாத்தாங்க இருக்கு” என்றார்.

சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிற்பகல் பதினான்கு பேருக்குச் சோதனை செய்தேன். எப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 8

யாரிடமும் சொல்லவில்லை. ரேடியோவிடம் “நேத்து தலைவலி, அதான்” என்றேன். அவள் நம்பினாளா, நம்புகிற மாதிரி இருந்தாளா?

அப்பா ஞாபகமாகவே இருக்கிறது. அவருக்கும் இந்த நோய்தான். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும். சொட்டு மருந்து எரிகிறது என்று நிறுத்திவிட்டார். ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு, “லைட்டப் போடும்மா” என்றார். நான் எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டேன். வேறென்ன செய்வது?

குடும்பத்தில் இருந்தால் கண்ணுக்குள் நரம்பையும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். என் நரம்பை யாரும் பார்த்ததில்லை. அழுத்தம் சரி, தாள் சுத்தம், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பழைய தாள்கள் எல்லாம் சுத்தம்தானே? சில நாளில் ஒரு கண் இப்படிக் கெடாது. எப்படி?

பிப்ரவரி 11

எப்படி என்று தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மோட்டார் அறையில் மாட்டிக்கொள்கிற காதடைப்பானைப் பைக்குள் போட்டு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் சாமான் அறைக்குப் போய்ப் பழைய இயந்திரத்தைப் போட்டேன். முதலில் காதடைப்பான் இல்லாமல். சுத்தம். அப்புறம் அதை மாட்டிக்கொண்டு. கீழ்ப்பாதி கறுப்பு.

கண்ணால் பார்க்கவே இல்லை நான். காதால் பார்த்திருக்கிறேன். எந்த ‘டக்’ நிஜம், எந்த ‘டக்’ மொட்டை என்று என் கைக்குத் தெரியும், அதுவே அமுக்கிக்கொண்டது. எத்தனை நாளாக? ஒரு வருடமா, நாலு வருடமா? அந்தச் சுவர்த் தாள் கண்ணா, காதா? அய்யோ, இதைக் காட்டித்தானே அத்தனை பேருக்கும் ‘இதுதான் நல்ல கண்’ என்று சொன்னேன்.

உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தேன். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

பிப்ரவரி 14

மூன்று நாள் யோசித்தேன் என்று சொல்வது பொய். பயந்தேன். சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயம், வேலை போய்விடுமோ என்று அடுத்த பயம்.

இன்று டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். புது டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கறுப்பு விழுந்த தாள்களையெல்லாம் மேஜையில் வைத்து, காதடைப்பான் கதையையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தாள். தினமும் பார்க்கிற பெஞ்சுதான். அதில் உட்கார்ந்தால் இவ்வளவு நீளமான அரை மணி என்று இன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் கண்புரை அறுவைக்கு வந்த ஒரு அம்மா. “உங்களுக்கும் புரையா? பயப்படாதீங்க, உள்ள ஒரு லென்ஸ் வெச்சா பளிச்சுன்னு ஆயிடுமாம்” என்று எனக்குத் தைரியம் சொன்னாள். எனக்கும் புரையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது.

உள்ளே டாக்டர் என் கண்ணுக்கு முன் ஒரு லென்ஸைப் பிடித்து நரம்பைப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள், கருவிழியின் கனத்தை அளந்தாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். நரம்பின் நடுக்குழி அகன்று ஓரம் மெலிந்திருந்தது. படிக்கத் தெரியாதவளாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்க கருவிழி ரொம்ப மெலிசு. அதனால அழுத்தம் நிஜத்தவிடக் கம்மியாக் காட்டும். போதாததுக்கு உங்க நரம்பு இந்த அழுத்தத்தையே தாங்கல. பதினஞ்சு மத்தவங்களுக்கு நார்மல். உங்களுக்கு இல்ல.”

“போனது?”

“போனது போனதுதான். உங்களுக்குத் தெரியாததா? இருக்கறதக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, அடுத்த மாசம் லேசர். நாலு மாசம் கழிச்சு மறுபடி புலம் பாப்போம். கறுப்பு நகராம இருந்தா நாம ஜெயிச்சோம்.”

வேலையைப் பற்றிக் கேட்டேன். “வேலைக்கு என்ன? படி இறங்கும்போது மட்டும் குனிஞ்சு பாருங்க” என்றாள்.

பிப்ரவரி 15

அவரிடம் சொன்னேன். “அந்த வாளி...” என்றார்.

“ஆமாம்.”

“நான் கிண்டல் பண்ணிட்டேனே.”

எழுந்து போய் வாளி, செருப்பு, மோடா என்று தரையில் கிடந்ததையெல்லாம் சுவரோரம் நகர்த்தினார். தடால் புடால் என்று ஒரே சத்தம். எனக்கு அழுகை வந்தது.

பிப்ரவரி 22

சொட்டு மருந்து வைபவம், எட்டாம் நாள். பத்து மாடிக்கு லிஃப்ட்டை மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்துகிறவருக்கு என் கண் அகப்படவில்லை. ஒன்று கன்னத்தில், ஒன்று காதில். “நீ கண்ண மூடுற!” “நீங்க கையை ஆட்டுறீங்க!” நாலாவது சொட்டு உள்ளே போனது. எரிகிறது. அப்பா ஏன் நிறுத்தினார் என்று புரிகிறது.

மார்ச் 6

இந்த மருந்தால் இமைமுடி நீளமாக வளருமாம். “அதுவாவது கிடைக்குதே” என்றார் அவர்.

மார்ச் 18

லேசர் முடிந்தது. பச்சையாகச் சில மின்னல், ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுருக். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணின் நீர் வடிகிற சல்லடையைக் கொஞ்சம் தூண்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

அழுத்தம் பதினொன்று. நல்லது என்றாள் டாக்டர். கறுப்பு நகர்கிறதா இல்லையா என்பது ஜூனில்தான் தெரியும். சாலையைக் கடக்கும்போது, சாப்பிடும்போது, ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? இப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று எனக்கே தெரியும். சலிப்பாக இருக்கிறது. பயப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

ஏப்ரல் 19

அந்தத் தச்சர் ஜனவரிக்குப் பிறகு வரவேயில்லை. இன்று அவர் கோப்பை எடுத்தேன். ‘ஒத்துழைக்கவில்லை.’ என் கையெழுத்து.

அவர் ஏன் அமுக்கினார் என்று நான் கேட்கவே இல்லையே. அமுக்காமல் விட்டால் நான் கறுப்பு என்று எழுதிவிடுவேன், அதனால்தானே? என் கை திருட்டுத்தனமாகச் செய்ததை அவர் வெளிப்படையாகச் செய்தார். அவரைத் திட்டினேன். என்னுடையதைச் சுவரில் ஒட்டினேன்.

கோப்பிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அவர் மகள் எடுத்தாள். “அந்த அம்மா திட்டும்னு வர மாட்டேங்கறார்” என்றாள். “அந்த அம்மாதான் பேசறேன்” என்றேன்.

ஜூன் 16

காலையில் முதல் ஆள் நான். ரேடியோ விளக்கை அணைத்தாள். “அக்கா, வழக்கமா நீங்க சொல்றத இன்னைக்கு நான் சொல்லணுமா?” “சொல்லு.” சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல்.

சத்தம் இல்லாத அந்த இருட்டில் நீண்ட நேரம் ஒன்றும் வராத இடங்கள் இருந்தன. அங்கே வெளிச்சம் வந்து போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டைவிரல் துடித்தது. சும்மா வைத்திருந்தேன்.

டாக்டர் பிப்ரவரித் தாளையும் இன்றைய தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “ஒரு கட்டம்கூட நகரல.” அதே கறுப்பு, அதே இடத்தில். இதற்குப் போய் ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவருக்குப் போன் செய்தேன். மோட்டார் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, “என்னது? என்னது?” என்று கத்தினார். “அப்படியே இருக்கு!” என்று நானும் கத்தினேன்.

பழைய மாதிரித் தாளைக் கிழித்துவிட்டு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.

மதியம் தச்சர் வந்தார். மகள் வெளியே உட்கார்ந்துகொண்டாள். அவர் சுவரையே பார்த்தார்.

“இது யாரு கண்ணும்மா, இவ்வளவு கறுப்பா?”

“என்னோடதுதான் ஐயா.”

என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து முகவாயைத் தாங்கியில் வைத்தார். பொத்தானை அவர் கையில் கொடுத்தேன்.

“தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க. அதுவும் சரியான பதில்தான். அதுக்குத்தான் மருந்து இருக்கு.”

அவர் நிறைய இடங்களில் சும்மா இருந்தார். கோப்பில் ‘நன்றாக ஒத்துழைத்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.