மூன்று கிலோமீட்டர் கூடுதல்

பிப்ரவரி 10, திங்கள்

நேற்றைய நெடுந்தூர ஓட்டத்தின் பட்டியலைச் சைக்கிள் சங்கத்துப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரக் கெடு. என் பெயருக்கு எதிரே ‘முடிக்கவில்லை’. நடுவழியில் மரத்தடியில் படுத்துவிட்டேனா என்ன? காலை ஐந்துக்குக் கிளம்பி, மாலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்குத் திரும்பினேன். ஏழு நிமிடம்! வாசலில் நின்ற செயலாளர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எழுபத்தொரு வயதுக்காரன் இறங்கக் கைகொடுக்க ஆளில்லை. கடிகாரம் காட்ட ஆள் இருக்கிறது.

ஆனால் என் சைக்கிள் மீட்டர் 203 காட்டியது. பாதையில் மூன்று கிலோமீட்டர் கூடுதல். என் வேகத்தில் அதற்குப் பன்னிரண்டு நிமிடம். ஆக, இருநூறை ஐந்து நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டேன். கூட்டிக் கழிக்கத் தெரிந்தவனுக்கு இது புரியும். செயலாளர் இன்ஜினியர். புரியவில்லை.

பிப்ரவரி 12

கடிதம் முடிந்தது. ஏழு பக்கம். தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏழு நிமிஷத்துக்கு ஏழு பக்கமா அண்ணே? நல்லவேளை, ஒரு மணி நேரம் லேட்டா வரல” என்றாள். அவள் வீட்டுக்காரர் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். வாய் இரண்டு பேருக்குச் சேர்த்து.

மார்ச் 3

பதில் வந்தது. ஒன்றரை வரி. ‘பாதை சரியாக அளக்கப்பட்டது. மீட்டரை நம்புவதற்கில்லை.’

நான் எட்டாவதோடு நின்றவன்தான். கணக்கு நானாகக் கற்றுக்கொண்டது. முப்பத்தொரு வருடம் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். “மேடை தப்பு” என்று சண்டை போடாத டிரைவர் கிடையாது. ஒருவனுக்கும் ஒரு கிலோ விட்டுக்கொடுத்ததில்லை. இவருக்கா விடுவேன்?

மார்ச் 4

இன்னொரு கடிதம்.

மார்ச் 19

இன்னொன்று. இந்த முறை வரைபடத்தோடு.

ஏப்ரல் 5

செயலாளர் போனில் வந்தார். குரலில் ஓய்ந்த மனிதன். “ஐயா, உங்களோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல. இருபத்தொண்ணாந்தேதி கமிட்டியில வைக்கிறேன். அவங்க சொன்னா சரி.”

அதற்கு முந்தின நாள் அதே பாதையில் தனியாகப் போகப்போகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்டரைக் குறித்துவந்து மேசைமேல் வைப்பேன். பேசட்டும் பார்ப்போம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதியதை இரண்டு முறை அடித்துவிட்டேன். களைப்புதான். வேறொன்றும் இல்லை.

காலை ஐந்துக்குக் கிளம்பினேன். “விழுந்து கிழுந்து வைக்காதே” என்று வழியனுப்பினாள் தங்கச்சி. அவளிடம் இதைவிட அன்பான சொல் கிடையாது.

முதல் எண்பது கிலோமீட்டர் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி போனது. ஆற்றுப்பாலம், செங்கல் சூளை, கூரை போன பேருந்து நிறுத்தம். எல்லா இடத்திலும் மீட்டர் போன தடவை காட்டியதையே காட்டியது. ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் வரவில்லை. கேட்காரர் மட்டும் அது வந்துவிட்ட கம்பீரத்தோடு நின்றார். தார் போட்ட ஆண்டை மறந்துவிட்ட ஒரு சாலையில் இரண்டு நாய்கள் என்னைத் துரத்தின. உண்மையில் சங்கத்தைவிட அவை என் வேகத்தை மதித்தன. எதிர்க்காற்று. ஆள் நடமாட்டமே இல்லை. தனியாக ஓட்டுவதில் ஒரு வசதி, சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட நானே இருக்கிறேன்.

121இல் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு போனபின் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடி, இந்த வயதில் எங்கே தனியாக என்று கேட்டாள். கேட்டவளுக்கு ஏழு பக்கமும் சொன்னேன்.

“சக்கரச் சுத்தளவு எவ்வளவு போட்டீங்க மீட்டர்ல?”

“இருநூத்துப் பதினாலு சென்டிமீட்டர். நானே நூல் சுத்தி அளந்தேன்.”

“சைக்கிள நிக்க வச்சா?”

“தலைகீழா கவுத்து வச்சு.”

“ஏன், நீங்க தலைகீழாவா ஓட்டுறீங்க?”

சிரிக்கவில்லை அவள். சக்கரத்தை மாட்டிக் காற்றடித்தாள். டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு போட்டாள் சாக்பீஸால். “ஏறி உக்காருங்க பெரியவரே. நீங்க உக்காந்தா டயர் அமுங்கும்ல? அமுங்கின சக்கரம்தானே ஓடுது.” சக்கரம் ஒரு சுற்று சுற்றும்வரை தள்ளினாள். மறுபடி கோடு. டேப் வைத்தாள். 211.

மறுபடி அளக்கச் சொன்னேன். 211. மூன்றாவது தடவை நானே டேப்பைப் பிடித்தேன். 211.

சுற்றுக்கு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டியிருக்கிறது மீட்டர். கடை வாசலிலேயே வகுத்துப் பார்த்தேன். 203 அல்ல, இருநூறு. கொசுறாக நூற்றைம்பது மீட்டர். பாதை சரி. செயலாளர் சரி. ஊரில் ஓடிய லாரியை எல்லாம் எடை போட்டவன் தன் எடையைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறேன்.

திரும்பினால் நூற்றிருபது, முன்னே போனால் எண்பது. முன்னே போனேன். வீம்பு இல்லை, கணக்கு.

எட்டரைக்கு வீடு. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள், வெந்நீர் வைத்தாள்.

நாளைக்குக் கமிட்டி. போகப்போவதில்லை. எதை வைத்துப் பேச? எப்படியும் அவர்களே தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

ஏப்ரல் 22

தள்ளுபடி செய்யவில்லை! சான்றிதழ் வீட்டுக்கே வந்துவிட்டது. ‘முடித்தவர்களில் மூத்தவர்’ என்று தங்க எழுத்தில். செயலாளர் போனில், “ஜெயிச்சுட்டீங்க ஐயா, இனிமே லெட்டர் மட்டும் போடாதீங்க” என்றார். நன்றி என்றேன். சொல்லியிருக்க வேண்டியது அதுவா?

ஏப்ரல் 23

சட்டம் போட்டு மாட்டட்டுமா என்கிறாள் தங்கச்சி. வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சுவர் ஈரம் என்றேன்.

ஏப்ரல் 25

சுவர் ஈரமில்லை.

ஏப்ரல் 26

யாருக்குத் தெரியும்? பஞ்சர் கடைக்காரம்மாவுக்கு மட்டும். அவள் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். சங்கமே கொடுத்தது, நான் திருடவில்லை. எழுபத்தொரு வயதில் ஏழு நிமிடம் ஒரு குற்றமா?

இதையேதான் டிரைவர்களும் சொல்வார்கள். “நூறு கிலோதானே சார்.” நான் என்ன செய்வேன்? லோடை இறக்கச் சொல்வேன்.

தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். “அப்ப போய்ச் சொல்லிட்டு வா அண்ணே. நாலு நாளா நீ சரியாச் சாப்பிடல” என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

சங்கத்துக்குப் போனேன். சான்றிதழை மேசைமேல் வைத்து, என் பெயரை எடுக்கச் சொன்னேன். செயலாளருக்குக் கண் இருண்டிருக்க வேண்டும்.

“ஐயா, சேருன்னு உயிரை எடுத்தீங்க. இப்ப எடுன்னு உயிரை எடுக்கிறீங்களா? கமிட்டி முடிவு பண்ணியாச்சு. போய் நிம்மதியா இருங்க.”

“தப்பான முடிவு. எடுக்கணும்.”

“எடுக்காட்டி?”

“எழுத வேண்டிவரும்.”

உடனே ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். முடிவைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பம். இப்படி ஒன்று அவர்களிடம் இருந்ததே ஆச்சரியம். பெயர், வயது, தேதி நிரப்பினேன். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். மீட்டரைப் பற்றி, டயரைப் பற்றி, எதிர்க்காற்றைப் பற்றி எழுதலாம். இடம் தாராளமாக இருந்தது. ‘தாமதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செயலாளர் அதைப் படித்தார். பிறகு எழுந்துபோய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார். “உக்காருங்கய்யா. டீ சொல்றேன்.”

இரண்டரை மாதமாக, கடிதம் கொடுக்கப் போனபோதெல்லாம், அந்த அறையில் நின்றபடியேதான் பேசியிருக்கிறேன். இன்று உட்கார்ந்தேன். நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதையும் சொல்லிவிட்டுத்தான் டீயைக் குடித்தேன்.