மதினி, நம் மத்தியானக் கச்சேரியை நிறுத்திவிட்டார்கள்

என் ஆசை மதினிக்கு,

அங்கே வெயில் எப்படி என்று கேட்கப் போவதில்லை. இங்கே வழக்கம்போலத்தான். பங்குனி பிறந்ததும் கரிசல் வெடித்துவிட்டது. குறுக்கே நடந்தால் செருப்பு மாட்டிக்கொள்கிறது. இந்த வருஷம் மிளகாய் வத்தல் நல்ல நிறம். நீங்கள் இருந்திருந்தால் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "விளாத்திகுளம் யாவாரிக்கு இன்னைக்கு மூக்கு ஒழுகும்" என்று சிரித்திருப்பீர்கள்.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். வானொலியில் மத்தியானச் செய்தி முடிந்ததும் வருமே நம் கர்நாடக சங்கீதக் கச்சேரி, அதை எடுத்துவிட்டார்கள். கோபப்படாதீர்கள். உங்களுக்கும் சேர்த்து நானே கோபப்பட்டாயிற்று.

இதை ஊரில் யாரிடமாவது சொன்னால், "ஆடு மேய்க்கிற வீட்டுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்கள். சம்பந்தமே வத்தல்தான் என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

வத்தலுக்குக் காம்பு கிள்ள உட்காரும் முன்னால் ஜன்னலில் இருக்கும் ரேடியோவில் சினிமாப் பாட்டை வைத்துவிடுவோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் தீயாகக் காந்தும். அந்தக் கையோடு எதைத் தொட்டாலும் வினைதான். நான் ஒருமுறை மறந்துபோய் மூக்கைச் சொறிந்துவிட்டுப் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது, விழுந்து விழுந்து சிரித்தவர் நீங்கள்தானே! சினிமாப் பாட்டு முடியும், செய்தியும் முடியும், கச்சேரி ஆரம்பிக்கும். நிலையத்தை மாற்ற நம் யார் கையும் ஆகாது. ஆட்டுக் கொட்டிலில் நிற்கும் அண்ணனைக் கூப்பிட்டால் வேண்டுமென்றே வர மாட்டார். "நம்ம கெடா கத்துததும் அந்தாளு கத்துததும் ஒண்ணுதான். ரெண்டையும் சேத்துக் கேளுங்க" என்று அங்கிருந்தே சத்தம் கொடுப்பார்.

முதல் நாள் ஒரு பாடகர் வார்த்தையே இல்லாமல் நெடுநேரம் இழுத்துக்கொண்டிருந்தார். "ஏ பேச்சி, இந்த மனுசன் என்னத்தத் தொலைச்சாரு? இந்தத் தேடு தேடுதாரே" என்றீர்கள். வத்தல் நெடி தொண்டையில் ஏறும்வரை சிரித்தோம். மறுநாளும் சிரித்தோம். எப்போது சிரிப்பை நிறுத்தினோம் என்பதுதான் எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. நீங்கள் கையில் வத்தலை வைத்துக்கொண்டு, "பாதியில நின்னுட்டாரே" என்று தவித்துப் போனீர்கள். அப்போதே தெரிந்தது, நாம் வசமாக மாட்டிக்கொண்டோம் என்று.

அறிவிப்பாளர் சொல்லும் ராகப் பெயர் ஒன்றும் நம் மண்டையில் ஏறவில்லை. அதனால் நீங்களே பெயர் வைத்தீர்கள். சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிற பாட்டு. மேகம் கூடிப் பெய்யாமல் போன பாட்டு. மகளைக் கட்டிக்கொடுத்த பாட்டு. அந்தக் கடைசிப் பாட்டு வந்தால் உங்கள் கை ஓடாது. செல்வி திருப்பூருக்கு வாழப் போன புதிது. கண் கலங்கும், அந்தக் கையால் துடைக்க முடியாது. தோள்பட்டையில் முகத்தைத் தேய்த்துக்கொள்வீர்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அண்ணனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது, மதினி. வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஆனால் மத்தியானம் ஆனால் தானே எழுந்து ரேடியோவைப் போடுவார். கச்சேரி முடியும்வரை நகர மாட்டார். நான் ஒரு குவியல் வத்தலோடு எதிரே உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரமெல்லாம் அவரை நினைத்து எனக்குப் பயமாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் பயமில்லை.

போன மாதம் ஒருநாள், செய்தி முடிந்ததும் யாரோ இரண்டு பேர் கலகலவென்று சிரித்தார்கள். போனில் கூப்பிட்ட நேயரிடம், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார்கள். அண்ணன் குமிழை இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். மறுநாளும் அதே கதைதான். ரேடியோதான் கெட்டுப்போனது என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"பெட்டிக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நிலையத்துலதான் மாத்திட்டாவ. உங்கள மாதிரியே இன்னும் சிலபேரு ரிப்பேருன்னு தூக்கிட்டு வந்தாவ" என்றாராம் கடைக்காரர். நேயர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள், நிலையத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று அவர்தான் தகவல் சொல்லியிருக்கிறார். "நீயும் வாட்டி" என்றார் அண்ணன். அவர் என்னை எங்கேயாவது கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! உடனே கிளம்பிவிட்டேன்.

நிலையத்திலிருந்து வந்தது ஒரு சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரிதான், குறை சொல்ல முடியாது. கயத்தாற்றிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் முதலில் எழுந்து, "ரேடியோவுல வாசிச்சவருன்னு சொல்லித்தான் எங்கள நாலு கோயில்ல கூப்பிடுதாவ. அதையும் எடுத்துட்டா எப்படிம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னது. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். கச்சேரிகளை எல்லாம் செல்போன் செயலியில் வைத்திருக்கிறார்களாம். விருப்பப்பட்டவர்கள் வேண்டியதைத் தேடிக் கேட்டுக்கொள்ளலாமாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துவிட்டேன். "நாங்க தேடிப் போகலம்மா. அதுவாத்தான் எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. வேண்டாம்னு நிறுத்தக்கூட எங்களுக்குக் கை ஒழியல. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிச்சுது. இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதவ என்னன்னு தேடுவா?" என்றேன். நான் கேட்டது நியாயம்தானே, மதினி?

அந்தப் பெண் நோட்டை எடுத்து, "சரிம்மா, உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றது. நான் வாயைத் திறக்கும் முன்னால் பக்கத்தில் அண்ணன் எழுந்து நிற்கிறார்.

"மகளைக் கட்டிக்குடுத்த பாட்டுன்னு எம் பொஞ்சாதி சொல்லுவா. அது வேணும்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது சிரிப்பினால் அல்ல. கெடா கத்துகிறது என்று கேலி பேசிய மனுஷன், கொட்டிலில் நின்றபடி நாம் பேசியதையும் கேட்ட பாட்டையும் ஒன்றுவிடாமல் காதில் வாங்கியிருக்கிறார். உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துகொண்டேதான் என்னிடம் சொல்லாமல் விட்டீர்களா?

"சிரிக்காதீங்கவே" என்று அதட்டினார் நாதஸ்வரக்காரர். "அண்ணாச்சி, எப்படி வரும்னு லேசா இழுத்துக் காட்டுங்க." அண்ணன் இழுத்தார். உள்ளதைச் சொல்கிறேன், நம் கெடாவே தேவலை. ஆனால் நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே மெல்லப் பாட ஆரம்பித்தார். நம் பாட்டேதான், மதினி. "இதானே? ஆனந்தபைரவி" என்றார் அவர். "இருக்கும். அவளுக்கு அந்தப் பேரு தெரியாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தினமும் போடுவது தன் கையில் இல்லை, சனிக்கிழமைக்கு மட்டும் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றது அந்தப் பெண். சொன்னபடியே வாங்கியும் கொடுத்துவிட்டது. நேற்றுத்தான் முதல் சனிக்கிழமை. அண்ணன் காலையிலேயே ரேடியோவைத் துடைத்து வைத்துவிட்டார். செய்தி முடிந்தது. தம்புரா சத்தம் கேட்டதோ இல்லையோ, சுவரில் சாய்ந்திருந்தவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏ லெச்சுமி, சீக்கிரம் வா, ஆரம்பிச்சுட்டாவ" என்று உங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் என்னவோ போலாகிவிட்டது. நான் குனிந்த தலை நிமிராமல், "வாராவ, நீங்க கேளுங்கண்ணே" என்றேன்.

நீங்கள் வருவதாகச் சொல்லிவிட்டேன், மதினி. இனி எந்தச் சனிக்கிழமையும் அவரைத் தனியாக உட்கார விட மாட்டேன். மீதி நாட்களையும் கேட்டு வாங்காமல் அந்த நிலையத்தைச் சும்மா விடவும் மாட்டேன்.

என்றும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
நாத்தனார் பேச்சி