பொடி டப்பி பறந்த வேகம்

கோமளம்,

ரசம் மூடிவைத்திருக்கிறேன், சுடவைத்துக்கொள்.

காணாமல் போன என் மூக்குப்பொடி டப்பி எதிர்வீட்டு ஜெயஸ்ரீயின் மொட்டைமாடியில் உடைந்து கிடந்து அகப்பட்டது. "காக்கா தூக்கிண்டு போயிடுத்து" என்றாயே! முப்பது வருஷம் காலேஜில் பௌதிகம் நடத்தியவனிடமா? காக்கை பொடி போடுமா?

நம் பால்கனியைவிட அந்த மாடி பதினாறு அடி தாழ்வு. நேராக வீசிய டப்பி அவ்வளவு விழ ஒரு விநாடி ஆகும். அதற்குள் தெருவைத் தாண்டி முப்பது அடி போயிருக்கிறது. விநாடிக்கு முப்பது அடி வேகம்! சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் பந்துவீச உன்னை வலைவீசித் தேடுகிறார்களாம்.

என் சந்தேகம் பொடியைப் பற்றியதல்ல. தோள்வலி, கையைத் தூக்கவே முடியவில்லை என்று நீ சொன்னதால் தீபாவளியிலிருந்து இட்லிக்கு அரைப்பது நான். அந்தத் தோளா இந்த வீச்சு வீசியது?

குணமானதில் நிஜமாகவே சந்தோஷம். பயந்துதான் போயிருந்தேன்.

புது டப்பி வாங்க லஸ் கடைத்தெருவுக்குப் போகிறேன். பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன.

பி.கு.: ஜெயஸ்ரீ விசாரித்தாள். காக்கை என்றுதான் சொல்லியிருக்கிறேன். நான் வருவதற்குள் மாவு அரைபட்டிருந்தால், காக்கையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.