ராஜகிரி உச்சிக்குப் போன விளையாட்டு பீரியடு

நேற்று பள்ளிக்கூடத்தின் பழைய சாமான் அறையைத் திறந்தார்கள். கதவு நகர்ந்ததும் வௌவால் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மற்ற டீச்சர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் அங்கேயே நின்றேன். எனக்கு அது செஞ்சிக் கோட்டை வாசல்களின் வாசனை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னோடு பேச இப்படி ஏதாவது ஒரு சாக்கு போதும் எனக்கு.

இருபது வருடத்துக்கு முன்னால், எழுபதுகளின் நடுவில், இதே ஆரணியில், இதே பெண்கள் பள்ளியில், நான் சரித்திர டீச்சர், நீ விளையாட்டு டீச்சர். என் பெயரை நீ சொன்னதே இல்லை, "ஹிஸ்டரி" என்றுதான் கூப்பிடுவாய். இருவருமே தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்கள். அந்த வருடம் பெரிய டீச்சர், அதாவது நம் தலைமையாசிரியை, விளையாட்டு பீரியடை எடுத்துவிட்டு அதில் தையல் வகுப்பு வைக்கப்போவதாகச் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. பெண்கள் ஓடியாடிவிட்டு வந்து வீட்டு வேலைக்கு ஆகாமல் சோர்ந்து விழுகிறார்கள் என்று தாய்மார்கள் வந்து முறையிட்டிருந்தார்கள். இந்தப் பெண்களுக்கு உடம்பில் அவ்வளவுதான் தெம்பு என்று அவரும் நம்பி, அப்படியே சொன்னார்.

உனக்கு அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை.

"தறிக்குழியில உக்காந்து மிதிச்சிப் பழகின காலுங்க. செஞ்சிக் கோட்டையில ராஜகிரி உச்சி வரைக்கும் ஏத்திக் காட்டறேன். ஒருத்தி பாதியில நின்னாலும் பீரியடை நீங்களே எடுத்துக்குங்க."

"பொண்ணுங்க மட்டுமா, டீச்சருங்களுமா?" என்று அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும்தாங்க" என்றாய், என்னைக் கேட்காமலே.

அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. அன்றைக்கென்றால் எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்ப மறுக்கமாட்டார்கள் என்று, சனிக்கிழமையில் வந்த ஓர் அமாவாசையைப் பிடித்தோம். மேல்மலையனூர் அம்மனுக்கும் அதுதான் விசேஷ நாள் என்பது பஸ் ஸ்டாண்டில் போய் நின்ற பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. செஞ்சி பஸ் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ மாலையும் பூக்கூடையுமாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. "தறி நின்னா ஒலகமே நின்னுடும்னு நெனச்சிகினு வந்தீங்களா டீச்சர்?" என்று கண்டக்டர் கேட்டார். சேத்துப்பட்டு தாண்டி வளத்தியில் கோயில் கூட்டம் இறங்குகிறவரை ஒற்றைக்காலில் நின்றோம். பெரிய டீச்சர் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு உன்னை முறைத்தபடியே வந்தார்.

வருடக்கணக்காகப் புத்தகத்தை வைத்துச் செஞ்சியை நடத்தியவள் நான். மூன்று மலைகளையும் வளைத்துக்கொண்டு, ஏறியும் இறங்கியும் ஓடிய அந்த மதிலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உள்ளே ஒரு பெரிய ஊரே இருந்திருக்கிறது. ஒரு வாசலுக்குள் நுழைந்தால் எதிரே சுவர் மறிக்கும். சட்டென்று திரும்பினால்தான் அடுத்த வாசல். யானை ஓடிவந்து கதவை முட்ட முடியாதபடி வளைத்துக் கட்டியது என்று விளக்கினேன். "எங்க சந்துல சைக்கிளே திரும்பாதுங்க டீச்சர், யானை எங்க திரும்பும்" என்றாள் ஒருத்தி. வௌவால்கள் பதறிப் பறக்கும்படி சிரித்தார்கள்.

பெண்கள் ஏறிய வேகத்தை இன்றும் நினைத்துக்கொள்வேன். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போட்டி போட்டார்கள். பெரிய டீச்சரும் குடையை ஊன்றி, நிற்காமல், முனகாமல் ஏறினார். நானும் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறிவிட்டேன், அந்தப் பாலம் வரைக்கும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவே மரப்பாலம். பலகை இடுக்கில் கீழே பார்த்தேன். வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், நான் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களுடைய பீரியடு என் காலில் இருந்தது.

நீ திரும்பி வந்தாய். தைரியம் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு விரிக்கக் கொண்டுவந்த பழைய புடவையை உதறி ஒரு முனையை என் கையில் திணித்தாய். மறு முனையைப் பிடித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து பாலத்தின் நடுவுக்குப் போனாய்.

"பாவு பிடிக்கிற மாதிரி பிடி, ஹிஸ்டரி. தொய்ய விட்டா உங்க அப்பா என்ன சொல்லுவாரு?"

தறிக்குப் போகும் பாவு நூலைத் தெருவில் நீட்டிப் பிடித்து வளர்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். கண் இழையில் இருக்கும், கால் தானாகப் போகும். புடவை தொய்யாமல் இருப்பது ஒன்றுதான் என் கவலையாகிப் போனது. நீ ஓரடி பின்வாங்க, நான் ஓரடி முன்வந்தேன். "உன் பக்கம் தொங்குது பாரு" என்று நான் உன்னைத் திட்டியபோது கீழே கல் தட்டுப்பட்டது. பாலம் முடிந்திருந்தது.

பெண்கள் போட்ட கூச்சல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. உச்சியில் கொடிக்கம்பத்து மேட்டில் நின்றுகொண்டு பெரிய டீச்சர் எல்லோரும் வந்தாச்சா என்றார். "ஹிஸ்டரியும் வந்தாச்சுங்க" என்றாய். அவர் கீழே ஓடும் மதிலைப் பார்த்துக்கொண்டே, "தையலுக்கு வேற நேரம் பாத்துக்கறேன்" என்றார். அப்புறம் அந்த மதில்மேல் நடக்க விடுவார்களா என்று உன்னிடம் தணிந்த குரலில் விசாரித்தார்.

இறங்கும்போது பாலத்தண்டை நீ மறுபடி புடவையை எடுத்தாய். வேண்டாம் என்றேன். நீ முன்னால் கடந்துபோய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தப் புடவையை மடிக்க ஆரம்பித்தாய். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாய். நான் உன் தோளைத் தொடும்வரை நீ திரும்பவில்லை.

இன்றைக்குப் பெரிய டீச்சர் நாற்காலியில் நான். பயந்து நிற்கிற பெண்களும் புது டீச்சர்களும் என்னிடம் வருகிறார்கள். கை கொடுப்பது எனக்குச் சுலபமாக வருகிறது. அவர்கள் தனியாகக் கடக்கும்போது திரும்பிப் பார்க்காமல் நிற்பதைத்தான் உன்னைப்போல் செய்ய ஒவ்வொரு முறையும் பாடுபடுகிறேன்.