மழைச் சத்தத்தின் கடைசியில்

புனே

அன்புள்ள ஜலஜா,

நீயும் அம்மாவும் சௌக்கியமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். நம் மலைப்பக்கம் மழையில் டவர் விழுந்துவிட்டதாமே, அதனால்தான் கடிதம்.

இங்கே ஒரு வேடிக்கை, பயப்படாதே. நான் வெப்சைட் செய்து கொடுத்த ரெயின்கோட் கடைக்காரர் தாம்லே காகா (இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), பக்கத்தைத் திறந்ததுமே பேண்டு வாத்தியம் முழங்க வேண்டுமென்று அடம்பிடித்தார். ஆபீசில் உட்கார்ந்து திறந்தவர்களெல்லாம் பதறிப்போய் மூடிவிட்டார்கள். என் வேலைக்கே ஆபத்து வரும்போலிருந்தது. அதை எடுத்துவிட்டு, விரும்புகிறவர் மட்டும் தட்டிக் கேட்கும்படி இருபது விநாடி மழைச் சத்தம் வைத்தேன். நம் வீட்டு ஓட்டு மழைதான். போன வருஷம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜிலிருந்து எடுத்தது.

கடைசியில் உன் குரலும் அப்படியே தங்கிவிட்டது: "ஏங்க, சாப்டீங்களா?" வெட்ட மறந்துவிட்டேன் என்று ஆபீசில் சொன்னேன். உண்மையில் கை வரவில்லை.

காகா போனில் கத்தினார். "யாருய்யா அந்தப் பொண்ணு? இங்க இருக்கிற தமிழ்க்காரங்க மூணு பேர் கூப்பிட்டு, சாப்டாச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. அதை மட்டும் எடுத்தே, தொலைச்சுப்புடுவேன்!"

உனக்குப் பிடிக்காவிட்டால் எடுத்துவிடுகிறேன். மாவடு ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. டவர் வந்ததும் புதிதாக ஏதாவது பேசி அனுப்பு, குக்கர் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை.

தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரம், முடிக்கிறேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் உனக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். நான்தான் இன்னும் சாப்பிடவில்லை, ஜலஜா.

உன்
ஸ்ரீபாதன்